நாறும் உரத்தொட்டியைக் கொட்டிவிடாதீர்கள்

வணக்கங்க. பொள்ளாச்சி மாடியில் வைத்த உரத்தொட்டி நாறுகிறது, புழு நெளிகிறது, கொட்டிவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாங்க. காய்கறிக் கழிவின் தண்ணீர் அடியில் தேங்கிக் காற்றை அடைத்துவிட்டது, அவ்வளவுதான். அடியிலும் பக்கத்திலும் ஓட்டை போடுங்கள். அப்புறம் ஒரு பங்கு சமையலறைக் கழிவுக்கு இரண்டு பங்கு காய்ந்த சருகு சேர்த்துக் கிளறுங்கள். உங்கள் ஊரில் தென்னை நார்த்தூளுக்கா பஞ்சம்? ஈரத்தை நன்றாக இழுக்கும். ஆனால் மட்க நாளாகும், அதனால் சருகே அதிகம் இருக்கட்டும்.

ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பாருங்கள். விரலிடுக்கில் லேசாகக் கசியலாம், சொட்டுச் சொட்டாக விழக்கூடாது. என் தொட்டியில் முதலில் கஞ்சி மாதிரி வழிந்தது. சருகு போட்டுக் கிளறிய பிறகுதான் மண்வாசம் வந்தது.

புழு, ஈயின் குஞ்சுதான். மேலே நான்கு விரல் கனத்துக்குச் சருகு மூடினால் குறைந்துவிடுங்க.