லாக் நம்பரை யாரு சொல்லிக் குடுத்தது?

கேள்வி: பாலக்கோடு பக்கம் இருக்கோம். பையனுக்கு ரெண்டரை வயசு. போன் இல்லாம ஒரு வாய் சோறு இறங்காது, பிடுங்கினா தரையில புரண்டு அழறான். வீட்டுக்காரர் ஓசூர்ல கம்பெனி ஷிப்ட், நான் ஒருத்தியே பாத்துக்கறேன். லாக் நம்பரைக்கூட அவனே போட்டு தொறந்துடுவான், அவ்ளோ ஷார்ப்பு. மாமியார் தினமும் திட்டறாங்க. எப்படி நிறுத்தறது?

பதில்: கண்ணு, லெட்டர் பூரா அழுதுட்டு ஒரே ஒரு இடத்துல சிரிச்சிருக்க, "அவ்ளோ ஷார்ப்பு"ன்னு. தீப்பெட்டி உரசக் கத்துக்கிட்டா ஷார்ப்புன்னு எழுதுவியா? ரெண்டரை வயசுப் புள்ளைக்கு நம்பர் படிக்கத் தெரியாதும்மா, உன் விரல் எங்கெங்க போவுதுன்னு பாத்துப் பாத்து மனசுல ஏத்திக்கிட்டான், அப்படி ஏறணும்னா நீ ஒரு நாளைக்கு எத்தனை தடவ அவன் முன்னாடி போனைத் தொறந்திருப்ப? நீ நிறுத்தச் சொல்றது அவனை. நான் கேக்கறது உன்னை.

இன்னொண்ணு, அந்த நம்பரே தான ஜிபே பின் நம்பரும்? பாதி வீட்டுல அப்படித்தான். அதை இன்னிக்கே மாத்து, ரெண்டும் வேற வேறயா வை. யூடியூப்ல ஆட்டோப்ளேயை ஆஃப் பண்ணு, இல்லனா நீ போட்டது ஒண்ணு, அரை மணி கழிச்சு அவன் பாக்கறது வேற ஒண்ணு. இந்த வயசுல பாதுகாப்புன்னு அவனுக்குச் சொல்லித்தர ஒரே பாடம், போன் அவனோட சாமான் இல்ல, கேட்டுட்டுதான் தொடணும், அவ்ளோதான். நீயும் போனை எடுக்கறப்ப "அப்பாவுக்குப் பேசறேன்"னு வாய் விட்டுச் சொல்லு, பேசி முடிச்சா வச்சுடு.

ரெண்டுல இருந்து நாலு வயசு வரைக்கும் போன், டிவி எல்லாம் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல வேணாம், கம்மியா இருந்தா இன்னும் நல்லதுன்னு உலக சுகாதார நிறுவனம் 2019லயே சொல்லிடுச்சு. நம்மூர் குழந்தை டாக்டருங்க சங்கமும் அதேதான் சொல்லுது, சாப்புடறப்ப கூடவே கூடாதுங்குது. அதனால சோத்துல ஆரம்பி. நாலு நாள் புரளுவான், ரெண்டு வாய் கம்மியா உண்பான், பசிச்சா கேப்பான்.

மாமியார் திட்டறாங்கன்னு புகார் வேற. திட்டறவங்க கையில களித் தட்டைக் குடு, திண்ணையில ஒக்காந்து காக்கா காட்டி ஊட்டட்டும், வீட்டுல பெரிய மனுஷி இருக்கறப்ப புள்ளைய போன் வளக்கறது எனக்குப் பிடிக்கல, பழைய ஆள்னு வேணா நெனச்சுக்கோ. ஷிப்ட் முடிஞ்சு வந்த அப்பா வீட்டுல என்ன பண்றாருன்னு ஒரு வரி எழுதல. படுத்துக்கிட்டு ரீல்ஸ் தான? அவரையும் லெட்டருல சேத்திருக்கணும்.

ரெண்டு வார்த்தை சேத்துப் பேசறானா? "அம்மா வா", "பால் வேணும்"னு? இல்லனா தள்ளிப்போடாத, தர்மபுரி கவர்மெண்ட் ஆஸ்பத்திரில குழந்தை டாக்டர்கிட்ட காட்டு. பேசறான்னா அங்கன்வாடில விடு, ரெண்டு வயசு ஆனாலே சேத்துக்குவாங்க, மண்ணுல பொரளட்டும்.

புது நம்பர் போடறப்ப அவன் பாக்காத பக்கம் திரும்பி நின்னு போடு.