நாடித்துடிப்பு இறங்காத குதிரையும் ஒரு பக்கமாக உட்காரும் ஆளும்

கேள்வி: ஐயா, மலேசியாவில், பினாங்கு மாநிலத்து நிபோங் திபாலில் எனக்கு ஏழு ஏக்கர் செம்பனை இருக்கிறது. மூன்று வருடமாக ஒரு அரபுக் கலப்புக் குதிரை வைத்து எண்டூரன்ஸ் என்ற நெடுந்தூரக் குதிரையோட்டம் பழகுகிறேன். காயடித்த ஆண், வயது 9. 40 கிலோமீட்டர் போட்டியில் முதல் சுற்று சிக்கலில்லாமல் முடிகிறது. இரண்டாவது சுற்று முடித்து வந்தால் நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 64க்கு இறங்காமல் இழுக்கிறது. போன தடவை இடது பின்காலில் நடை சரியில்லை என்று நிறுத்திவிட்டார்கள். மறுநாள் கால் நன்றாகத்தான் இருந்தது. கடைக்காரர் எலெக்ட்ரோலைட் பேஸ்ட், அதாவது வியர்வையில் போகும் உப்புகளைத் தரும் பசை, கொடுக்கச் சொல்கிறார், டப்பா 260 வெள்ளி (ரிங்கிட்). கோலாலம்பூரில் படிக்கும் என் மகளோ டிரெஸ்ஸாஜ் பழக்குங்கள் என்கிறாள். அது பணக்காரர்கள் குதிரையை ஆட வைக்கிற வித்தை அல்லவா? எந்த பேஸ்ட் நல்லது என்று மட்டும் சொல்லுங்கள்.

பதில்: பேஸ்ட் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன், தம்பி. குதிரையின் வியர்வை அதன் ரத்தத்தைவிட உப்பு கூடியது. அதனால் எவ்வளவு வியர்த்தாலும் அதற்குத் தாகம் சரியாக எடுக்காது. நம் ஊர்ப் புழுக்கத்தில் வியர்வை காயாமல் வழிந்துவிடும். உப்பு போகும், உடம்பு குளிராது. எனவே உப்பு கொடுக்கத்தான் வேண்டும், தண்ணீரை ஊற்றி ஊற்றி உடம்பைக் குளிர்விக்கவும் வேண்டும். ஆனால் தண்ணீர் குடிக்காத குதிரையின் வாயில் கெட்டி பேஸ்டைப் பீச்சினால், உடம்பில் மிச்சமிருக்கும் நீரையும் அது குடலுக்கு இழுத்துக்கொள்ளும். குடித்த பிறகு கொடுங்கள். டப்பாவின் மேல் முதல் பெயராகச் சர்க்கரை இருந்தால் அந்தக் கடைக்கே போகாதீர்கள். சோடியம், குளோரைடு, பொட்டாசியம், இவைதான் விஷயம். சாப்பாட்டு உப்பின் விலை தெரிந்தவன் இதற்கு 260 வெள்ளி கொடுக்க மாட்டான்.

சரி, இனி நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்விக்கு வருகிறேன். துடிப்பு இறங்காததையும் இடது பின்கால் நொந்ததையும் இரண்டு வியாதியாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது ஒரே வியாதியாகத்தான் தெரிகிறது. வலி இருக்கிற குதிரைக்குத் துடிப்பு இறங்காது. வெயில் என்றும் சத்துக் குறைவு என்றும் சொல்லி நாம் தள்ளிக்கொண்டே போவோம். மறுநாள் சரியாகிவிட்டது என்பதில் எனக்கு ஆறுதல் இல்லை. ஓய்வில் மறைகிற வலி ஓட்டத்தில் திரும்பி வரும். முதலில் மருத்துவரை அழைத்துக் காலையும் முதுகையும் பார்க்கச் சொல்லுங்கள். நொண்டுகிற குதிரைக்கு டிரெஸ்ஸாஜ் மருந்தாகாது.

கால் சுத்தம் என்று மருத்துவர் சொன்னால், இதற்குப் பதில் சொல்லுங்கள்: டிராட்டில், அதாவது எதிரெதிர் மூலைக் கால்கள் சோடியாக ஊன்றும் மித ஓட்டத்தில், எழுந்து உட்காரும்போது எந்தச் சோடிக் கால் ஊன்றுகையில் உட்காருகிறீர்கள்? வலது முன்காலும் இடது பின்காலும் ஊன்றும்போதுதான் என்று நான் பந்தயமே கட்டுவேன். 40 கிலோமீட்டரில் 30ஐ டிராட்டில் ஓட்டுகிறீர்கள் என்று வையுங்கள். ஒரு சுழற்சிக்கு இரண்டரை மீட்டர் என்றால் 12,000 தடவை உங்கள் எடை அதே இடது பின்காலில் இறங்குகிறது. மண்வெட்டியை எந்நேரமும் ஒரே கையில் பிடிக்கிறவனின் தோள் எப்படிப் போகும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, பட்டுத் தெரிந்துகொண்டேன். ரேஸ் லாயத்தில் இருந்து வந்தவன் நான், வேகம் மட்டுமே தெரியும். ஒரு பெண் குதிரைக்கு முதுகு புண்ணாகிக்கொண்டே இருந்தது. சேணத்தின் மேல் பழி போட்டு மூன்று சேணம் மாற்றினேன். கடைசியில் குதிரையைப் பராமரிக்கும் வயதான சைஸ் ஒருவர் சேணத்துணியைக் கொடியிலிருந்து எடுத்து வெயிலில் பிடித்துக் காட்டினார். ஒரு பக்கம் தேய்ந்து நூலாகியிருந்தது, மறுபக்கம் புதுசு போல் இருந்தது. “சேணம் நேராத்தான் இருக்கு, நீதான் கோணல்” என்றார். இன்றைக்கே உங்கள் துணியைப் பாருங்கள், இரண்டு பின்கால் லாடமும் ஒரே மாதிரி தேய்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

டிரெஸ்ஸாஜ் என்ற பிரெஞ்சுச் சொல்லுக்குப் பழக்குதல் என்றுதான் பொருள். ஆட்டமெல்லாம் மேல் வகுப்பில் வருவது. உங்களுக்கு வேண்டியது அரிச்சுவடி: குதிரை இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வளைய வேண்டும், நேராக ஓட வேண்டும், காலால் லேசாகத் தொட்டாலே பக்கவாட்டில் நகர வேண்டும், வாரை இழுக்காமலே வேகத்தைக் குறைக்க வேண்டும். கோணலாக ஓடுகிற குதிரை ஒவ்வொரு அடியிலும் சக்தியை வீணாக்குகிறது. முதல் 20 கிலோமீட்டரில் அது தெரியாது, அடுத்த 20இல் துடிப்பாக வெளியே வரும். திரெங்கானு மாநிலத்து லெம்பா பிடோங்கில் 2008இல் நடந்த எண்டூரன்ஸ் உலகப் போட்டி 160 கிலோமீட்டர். அந்த மாதிரி தூரத்தில் கோணலுக்கு எத்தனை அடி கணக்கு விழும் என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள்.

இதற்கு அரங்கம் வேண்டாம். உங்கள் தோட்டத்திலேயே மரத்துக்கு மரம் ஏறக்குறைய 9 மீட்டர் இருக்கும். ரோட்டோர நிரையில், மட்டை அடுக்காத பக்கமாகப் பார்த்து, ஒரு மரத்துக்கு இடமும் அடுத்ததற்கு வலமுமாக வளைந்து நடத்துங்கள். முதல் மூன்று வாரம் நடை மட்டும்தான். அப்புறம் டிராட்டில் ஒரு மரம் விட்டு ஒரு மரம், வளைவு மாறும் ஒவ்வொரு தடவையும் நீங்கள் உட்காரும் சோடியும் மாறட்டும். காலி இடம் இருந்தால் 20 மீட்டர் வட்டம், இரண்டு பக்கமும். வாரத்தில் மூன்று நாள், 25 நிமிடம் போதும். மழை பெய்து சேறானால் விட்டுவிடுங்கள். டிராட்டைவிட வேகமான கேன்டரிலும் பிடித்த லீடிலேயே, அதாவது முந்தி நீளும் ஒரே முன்காலிலேயே, ஓடவிடாதீர்கள்.

டிரெஸ்ஸாஜ் என்று வாயைத் திறந்ததும் அதே கடைக்காரர் தலையை இழுத்துக் கட்டுகிற வார் ஒன்றைக் கொண்டுவந்து காட்டுவார். இரண்டு நாளில் கழுத்து வளைந்துவிடும், அழகாகவும் இருக்கும். கழுத்து வளைந்து முதுகு விறைத்த குதிரை எண்டூரன்ஸுக்கு உதவாது. நமக்கு வேண்டியது கழுத்தை நீட்டித் தாழ்த்தி, முதுகைத் தூக்கி ஓடுகிற குதிரை. அந்த வாரை விற்பவர்கள் யாரும் 40 கிலோமீட்டர் ஓட்டியதாக நான் கேள்விப்பட்டதில்லை.

இன்னொன்று, போட்டியில் மருத்துவர் குதிரையைச் சோதிக்கும் வெட் கேட்டில் கையில் பிடித்து 40 மீட்டர் ஓட்டிக் காட்டுவதையும் பழக்குங்கள். நீங்கள் இழுத்துப் பின்னால் வருகிற குதிரை நல்ல காலோடு இருந்தாலும் நொண்டி மாதிரி தெரியும். வார் தளர்ந்திருக்க, தோளுக்குப் பக்கத்தில் அதுவாகவே ஓடி வர வேண்டும்.

குதிரையைவிட உங்களுக்குத்தான் பாடம் அவசரம். பயிற்சியாளரிடம் மாதம் இரண்டு வகுப்புக்காவது போங்கள், முதல் வகுப்பிலேயே அங்கவடியை எடுத்துவிட்டு உட்காரச் சொல்வார், கோபப்படாதீர்கள். மகள் விடுமுறைக்கு வரும்போது பின்னால் நின்று நீங்கள் டிராட் ஓட்டுவதை ஃபோனில் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். உங்கள் இடுப்பு எந்தப் பக்கம் சாய்கிறது என்று அதில் பார்த்து எனக்கு எழுதுங்கள். அந்த 260 வெள்ளி டப்பா இன்னும் பிரிக்காமல் இருந்தால் ரசீதோடு கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள்.