தின்னரும் குளோரினும் ஒரே லொறியில் போகலாமா?

வத்தளையிலிருந்து ஒரு லொறிச் சொந்தக்காரர் கேட்டிருக்கிறார்: "இவ்வளவு காலமும் அரிசி, சீனிதான் ஏற்றினேன். இப்போது பேலியகொடை ஸ்டோர்ஸ் ஒன்றிலிருந்து கண்டி ஹோட்டல்களுக்கு நீச்சல்குளக் குளோரின், அசிட், பெயின்ட் தின்னர் மூன்றையும் ஒரே நடையில் கொண்டுபோகச் சொல்கிறார்கள். ஏற்றலாமா?"

ஒரே நடையில் என்றால் வேண்டாம். தனித்தனியே என்றால் பார்க்கலாம்.

குளத்துக்குப் போடும் தூள் பெரும்பாலும் கல்சியம் ஹைப்போகுளோரைட். அது தானாக எரியாது, ஆனால் பக்கத்தில் இருப்பதை எரிய வைக்கும். தின்னரோ பிரேக் ஒயிலோ அதில் பட்டால் தீப்பெட்டியே தேவையில்லை. அசிட் பட்டால் குளோரின் வாயு கிளம்பும். அது காற்றைவிட ஏறக்குறைய இரண்டரை மடங்கு பாரம் என்பதால் மேலே கலைந்து போகாது. தட்டிலும் தரையிலும் படிந்து நிற்கும்.

ஒரு ஸ்டோர்ஸ் வாசலில் நானே பார்த்தது: இடம் போதவில்லை என்று சாமான் ஏற்றும் நாட்டாமைகள் அசிட் கேனைத் தூக்கிக் குளோரின் வாளியின் மேல் வைத்துவிட்டார்கள். கேனின் கழுத்தில் கசிந்த ஒரு துளி வாளி மூடியின் விளிம்பில் வந்து நின்றது. "மூடி இறுக்கம்தான் சேர்" என்றார் ஒருவர். கண்டி வீதியில் அத்தனை குலுக்கலுக்கும் அந்த மூடி தாங்க வேண்டுமே!

தீயை அணைப்பதிலும் இதே சிக்கல்தான். லொறிகளில் வழக்கமாகத் தொங்கும் ஏ.பி.சி. பவுடர் சிலிண்டரில் அமோனியம் உப்பு இருக்கிறது. குளோரின் தூளில் அடித்தால் வெடிக்கக்கூடிய வாயு உருவாகலாம். அந்தத் தூளுக்கு நிறையத் தண்ணீர்தான் வேண்டும். தின்னர் தீயில் தண்ணீரை ஊற்றினாலோ தின்னர் மிதந்து பரவும், அங்கே பவுடர்தான் சரி. இரண்டும் ஒரே தட்டில் எரிந்தால் எதைக் கையில் எடுப்பீர்கள்?

ஏற்றுமுன் ஒவ்வொரு பொருளுக்கும் பாதுகாப்புத் தகவல் தாளைக் கேட்டு வாங்குங்கள். 16 பகுதி இருக்கும், எல்லாம் வாசிக்கத் தேவையில்லை. 10-ஆம் பகுதி எதோடு எது சேரக்கூடாது என்று சொல்லும். 14-ஆம் பகுதியில் ஐ.நா. எண் இருக்கும், அது என்ன ஆபத்தான பொருள் என்று காட்டும் எண். ஐதரோகுளோரிக் அசிட்டுக்கு 1789, பெயின்ட் தின்னருக்குப் பெரும்பாலும் 1263. தாளின் பிரதி ஒன்று சாரதி ஆசனத்துக்குப் பக்கத்தில் இருக்கட்டும், சாமானோடு பின்னால் வேண்டாம். அப்புறம், இந்தச் சாமானுக்கும் காப்புறுதி செல்லுமா என்று கம்பனியிடம் எழுத்தில் கேளுங்கள்.

திரும்பும் நடையைப் பலரும் யோசிப்பதில்லை. வெறும் தின்னர் பீப்பா வெறுமையானது அல்ல. உள்ளே ஆவியும் காற்றும் கலந்திருக்கும், நிரம்பிய பீப்பாவைவிட அது எளிதில் வெடிக்கும். மூடியை இறுக்கி, கயிற்றால் கட்டி, யாரும் பக்கத்தில் சிகரெட் பற்றவைக்காமல் பாருங்கள். கடுகண்ணாவையில் இறங்கும்போது, ஏறிய கியரிலேயே இறங்குங்கள். பிரேக்கை விடாமல் மிதித்தபடி வந்தால் பிரேக் டிரம் சூடேறிப் பிடிமானம் போய்விடும்.

வழியில் கசிவோ புகையோ தெரிந்தால் லொறியை ஓரம்கட்டி, என்ஜினை நிறுத்தி, காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கமாக விலகி நில்லுங்கள். தீயணைப்புக்கு 110, அம்பியுலன்சுக்கு 1990. அழைத்தவுடன் முதலில் அந்த ஐ.நா. எண்ணைச் சொல்லுங்கள்.