14 மாதத்தில் ஆட்டம் கண்ட மூன்று கை கேட்

கேள்வி: திருப்பூரில் எங்கள் பனியன் கம்பெனியில் 450 பேர் வேலை செய்கிறார்கள். வாசலில் கைரேகை வைத்தால் திறக்கும் மூன்று கை டர்ன்ஸ்டைல் கேட் (ஒவ்வொருவராகத் தள்ளிக்கொண்டு போகச் சுழலும் மூன்று கம்பி) இரண்டு போட்டு 14 மாதம் ஆகிறது. இரண்டிலும் கைகள் லொடலொடவென்று ஆடுகின்றன. வேலை விடும் நேரத்தில் பையன்கள் முட்டித் தள்ளுகிறார்கள், சிலர் தாண்டிக் குதிக்கிறார்கள். விற்றவரைக் கேட்டால், “இது தாங்காது சார், மெட்ரோ ஸ்டேஷனில் இருக்கிற மாதிரி பிளாப் கேட் போட்டுடலாம்” என்கிறார். போடலாமா?
– நிர்வாக மேலாளர், திருப்பூர்

பதில்: வேண்டாம். அவருக்குப் பதில் சொல்லும் முன் ஒரு கணக்குப் போடுங்கள். காலையில் வர, சாப்பாட்டுக்குப் போக, திரும்ப, மாலையில் கிளம்ப என்று ஆளுக்கு 4 முறை. நாளுக்கு 1,800 சுற்று. வருடத்துக்கு 300 வேலை நாள் என்றால் 5,40,000. இரண்டு கேட்டுக்கும் பிரித்தால் இந்த 14 மாதத்தில் ஒவ்வொன்றும் சுமார் 3,15,000 தடவை சுற்றியிருக்கும். இந்த வகைக் கேட்டின் கேட்டலாக்கில் 30 லட்சம் சுற்று என்று கூசாமல் அச்சடித்திருப்பார்கள். அப்படியானால் பத்தில் ஒரு பங்கு ஆயுளிலேயே உங்கள் கேட் படுத்துவிட்டது. இது தேய்மானம் இல்லை, அடி வாங்கிய சேதம்.

அடி எங்கே விழுகிறது என்று சொல்கிறேன். கேட்டின் வயிற்றுக்குள் பல் வெட்டிய ஒரு சக்கரம் இருக்கும். அந்தப் பல்லில் ஒரு இரும்பு நாக்கு விழுந்து பூட்டிக்கொள்ளும். கைரேகை சரி என்றதும் மின்காந்தம் அந்த நாக்கை இழுக்கும், கை சுழலும். ஆனால் விரலை வைத்துக்கொண்டே ஒருவர் இடுப்பால் கையைத் தள்ளிக்கொண்டு நின்றால், நாக்கு பல்லுக்கு இடையே நசுங்கி இறுகிவிடும். மின்காந்தத்தால் அதை உருவ முடியாது. பச்சை விளக்கு எரியும், கேட் திறக்காது. நாமாக இருந்தால் என்ன செய்வோம்? இன்னும் பலமாகத் தள்ளுவோம். அதைத்தான் உங்கள் பையன்களும் செய்கிறார்கள்.

அவர்கள் ஏன் அவசரப்படுகிறார்கள்? நிமிடத்துக்கு 30 பேர் என்பது விற்பவர் கணக்கு. பஞ்சும் சாயமும் பட்ட விரலைக் கைரேகைக் கருவி இரண்டு தடவை கேட்கிற இடத்தில் 15 பேர் போனால் பெரிது. இரண்டு கேட், 450 பேர் என்றால் கடைசி ஆள் வெளியே வர கால் மணி நேரம். வெளியே வேன்காரர் ஹாரன் அடித்துக்கொண்டிருப்பார். அந்த இடத்தில் என் வயதுக்கு நானே குதிப்பேன்.

ஆகவே, வருகைப் பதிவைக் கேட்டிலிருந்து பிரித்துவிடுங்கள். நான்கு கைரேகைக் கருவிகளைத் தையல் பகுதிச் சுவரில் மாட்டுங்கள். வெளியே போகும் திசையைப் பூட்டில்லாமல் விடச் சொல்லுங்கள். கன்ட்ரோலரில் ஒரு செட்டிங், அவ்வளவுதான். “அதுக்கு பாஸ்வேர்டு எங்க கம்பெனிக்காரங்க கிட்டதான் இருக்கு” என்று கேட்டை விற்றவர் இழுத்தால், நீங்கள் காசு கொடுத்து வாங்கிய பொருளின் சாவி இன்னும் அவர் பையில் இருக்கிறது என்று அர்த்தம். முதலில் அதை வாங்குங்கள். உள்ளே வரும் பக்கத்துக் கருவியை, ஆள் கேட்டை நெருங்குவதற்கு ஓர் அடி முன்பாகவே விரல் வைக்கும்படி தள்ளி மாட்டினால் பாதித் தகராறு தீரும்.

பிளாப் கேட் விஷயம். சென்னை மெட்ரோ 2015இல் ஓடத் தொடங்கியது முதல் அதைப் பார்த்துப் பார்த்து எல்லாருக்கும் ஆசை. அங்கே கேட் பக்கத்தில் ஆள் நிற்கிறார், பழுது பார்க்கத் தனிப் பிரிவு இருக்கிறது. உங்களிடம் இருப்பது ஒரு வாட்ச்மேன். பிளாப்பின் கண்கள் அகச்சிவப்புக் கதிர்கள். பஞ்சு படிந்தால் அவை குருடு.

தாண்டிக் குதிப்பதைப் பற்றியும் ரொம்பக் கவலைப்படாதீர்கள். நியூயார்க்கில் பஸ், சுரங்க ரயில் இரண்டிலும் சேர்த்து 2022இல் கட்டணம் கொடுக்காமல் போனவர்களால் 60 கோடி டாலர் நட்டம் என்றார்கள். ஆனால் அங்கே ரயில் நிலையங்களில் மூன்று கை கேட்டைவிட அதன் பக்கத்திலிருக்கும் அவசர வழிக் கதவுதான் பெரிய ஓட்டை. ஒருவர் வெளியே வரத் திறப்பார், நாலு பேர் உள்ளே நுழைவார்கள். உங்கள் வாசலில் லாரி கேட்டில் இருக்கும் சின்னத் திட்டிக் கதவை இன்று மாலை பத்து நிமிடம் நின்று பாருங்கள்.

அந்த ஓட்டையை அடைக்கிறேன் என்று வெளியேறும் கதவைப் பூட்டிவிடாதீர்கள். இதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். 1911 மார்ச் 25 அன்று அதே நியூயார்க்கில் டிரையாங்கிள் தையல் ஆலை எரிந்தபோது 146 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் இளம்பெண்கள். போகும்போது பையைச் சோதிக்க வேண்டும் என்பதற்காக ஒரு படிக்கட்டுக் கதவைப் பூட்டி வைத்திருந்தார்கள். உங்கள் கேட்டின் கை, மின்சாரம் போனால் தானாகக் கீழே விழ வேண்டும். யூபிஎஸ்ஸையும் சேர்த்து நிறுத்திப் பாருங்கள், விழுகிறதா? நான் பார்த்த பல ஆலைகளில், கரன்ட் போகும்போதெல்லாம் விழுகிறது என்று கையைக் கம்பியால் கட்டி வைத்திருக்கிறார்கள். தீயணைப்புச் சான்றிதழுக்கு ஆள் வரும் நாளில் கம்பியை அவிழ்ப்பார்கள், மறுநாள் கட்டுவார்கள். வருபவரும் கதவைத் திறந்து பார்ப்பதில்லை, கோப்பைத்தான் திறந்து பார்க்கிறார். கை விழுந்தாலும் அந்தச் சந்து ஒன்றரை, ஒன்றேமுக்கால் அடிதான். எனவே பக்கத்தில் சாவியில்லாமல் உள்ளிருந்து தள்ளினால் திறக்கும் அகலக் கதவு ஒன்று வேண்டும், சக்கர நாற்காலிக்கும் அதுவே வழி. யாராவது திறந்தால் அலற ஒரு சைரன் வையுங்கள். பூட்டு வேண்டாம்.

இனி இடைத்தரகர்கள். மூன்று கொட்டேஷன் வாங்கிக் குறைந்ததற்குக் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். மூன்று லெட்டர்ஹெட்டும் ஒரே ஆளுடையதாக இருப்பது இந்தத் தொழிலில் சகஜம். 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்று சொல்லி மலிவான 202 ரகத்தைக் கொடுப்பார்கள். காந்தத்தை வைத்து “பாருங்க சார், ஒட்டலை” என்பார்கள். 202இலும் பெரும்பாலும் ஒட்டாதே! இரண்டுக்கும் வித்தியாசம் நிக்கலில்: 304இல் 8 சதவீதம், 202இல் 4 முதல் 6. சொட்டு மருந்து மாதிரி ஒரு சோதனைத் திரவம் கடையில் கிடைக்கும், அதை ஊற்றச் சொல்லுங்கள். முகத்தைப் பாருங்கள். அடுத்து ஏ.எம்.சி., அதாவது வருடாந்தரப் பராமரிப்பு ஒப்பந்தப் பத்திரம். ‘தேய்மானமும் முரட்டுக் கையாளலும் நீங்கலாக’ என்று ஒரு வரி இருக்கும். கேட்டில் அது இரண்டையும் நீக்கினால், துடைப்பதற்கு மட்டும்தான் பணம் கட்டுகிறீர்கள்.

இப்போதைக்கு அந்த இரண்டு கேட்டையும் கழற்ற வேண்டாம். பூட்டு நாக்கு, அதன் ஸ்பிரிங், கை மெதுவாக நிற்க உதவும் டேம்பர், இந்த மூன்றையும் புதிதாக மாற்றச் சொல்லுங்கள். அடி போல்ட் கான்கிரீட்டில் பிடித்திருக்கிறதா, வெறும் டைல்ஸில் நிற்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். தையல் மெஷின் எண்ணெய் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதே என்று அதை மட்டும் ஊற்றிவிடாதீர்கள், பஞ்சோடு சேர்ந்து களியாகிவிடும். ஏர் கன் வைத்து ஊதவும் வேண்டாம், தூசி பேரிங்குக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். மாதம் ஒருமுறை மூடியைத் திறந்து வேக்குவம் கிளீனரால் உறிஞ்சி எடுத்துவிட்டு, பல்லில் கொஞ்சம் கிரீஸ் தடவினால் போதும். வாட்ச்மேனே செய்துவிடுவார்.