சிப்பிக்குள் படிகம்: ஜியாலஜி கேட்கும் மகளின் அம்மாவுக்கு

அன்புள்ள அம்மா,

மாட்டுங்காவிலிருந்து என்னைப் பார்க்க வந்த அன்று, "கல்லைப் படித்து என்ன வேலை கிடைக்கும்?" என்று கவலையோடு கேட்டீர்கள். அப்போது உங்கள் மகள் அரியலூரில் தாத்தா வீட்டருகே பொறுக்கிய கல்லான சிப்பியை மேசையில் வைத்தாள். உடைந்த இடத்தில் கண்ணாடி போலப் படிகங்கள். "கடலில் கிடந்த சிப்பிக்குள் இது எப்போதம்மா வளர்ந்தது?" என்றாள். அந்தக் கேள்விக்கு விடை தேடுவதற்கே சம்பளம் தருகிறார்கள்.

சுண்ணாம்புச் சேறு கடலடியில் படிந்து புதைந்த பிறகும் அதன் துளைகளில் நீர் நகர்ந்துகொண்டே இருக்கும். பல சிப்பி ஓடுகளில் உள்ள அரகோனைட் என்ற சுண்ணாம்புக் கனிமம் அந்த நீரில் மெல்லக் கரையும். காலியான இடத்தில் அதே சுண்ணாம்புப் பொருளின் இன்னொரு வடிவமான கால்சைட் படிகமாக வளரும். நீரில் மக்னீசியம் மிகுந்தால் கால்சைட், மக்னீசியம் சேர்ந்த டோலமைட் என்ற கனிமமாக மாறும். கடற்பஞ்சுகளின் சிலிக்கா கரைந்து வேறிடத்தில் செர்ட் என்ற கடினமான கல் முடிச்சாகத் திரளும். ஆக்சிஜன் இல்லாத சேற்றில் பாக்டீரியாவின் வேலையால் பைரைட் என்ற இரும்புக் கனிமம் உண்டாகும். எது முதலில், எது பிறகு என்று அறிய, கல்லை 0.03 மில்லிமீட்டர் தடிமனுக்குத் தேய்த்து நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். அலிசரின் சாயம் இட்டால் கால்சைட் சிவக்கும், டோலமைட் சிவக்காது. மாணவர்கள் முதன்முதலில் இதைப் பார்க்கும்போது அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும்!

மும்பையில் நம் காலடியில் இருப்பது எரிமலைக் குழம்பு உறைந்த பாறை. ஆனால் 1974-இல் நம் கடலுக்குள் கண்டுபிடித்த பாம்பே ஹை எண்ணெய் வயலின் எண்ணெய் பெரும்பாலும் சுண்ணாம்புக்கல்லின் துளைகளில்தான் இருக்கிறது. பாறை கரைந்தால் துளை திறக்கும், கால்சைட் வளர்ந்தால் அடைபடும். எண்ணெய் எங்கே தங்கும் என்று சொல்ல இந்த வரலாறு தெரிந்தவர் வேண்டும்.

படிப்புக்கு வருவோம். சேவியர்ஸ் கல்லூரியில் ஜியாலஜி இருக்கிறது. பி.எஸ்சி.யோடு நிறுத்த வேண்டாம்; நல்ல வேலைகள் முதுகலைக்குத்தான். ஜாம் என்ற முதுகலை நுழைவுத் தேர்வை எழுதினால் பவாய் ஐ.ஐ.டி.க்கு வழி உண்டு. அப்புறம் யு.பி.எஸ்.சி. நடத்தும் ஜியோ-சயின்டிஸ்ட் தேர்வு, அதன் மூலம் ஜி.எஸ்.ஐ. என்ற இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனத்தில் வேலை. களப்பயணத்தில் வெயிலும் நடையும் உண்டு, மறைக்க மாட்டேன். கணக்கை மட்டும் பன்னிரண்டாம் வகுப்பில் விட்டுவிட வேண்டாம்.

அடுத்த முறை வரும்போது அந்தச் சிப்பியையும் கொண்டு வரட்டும். லென்ஸ் எடுத்து வைக்கிறேன்.