செல் வீங்கினால் ஆக்டின் என்ன செய்யும்? – கேள்வி பதில்

நர்சிங் மாணவி: சார், செல்லுக்குள் இருக்கும் ஆக்டின் என்ற புரத இழைகளின் வலைதான் அதை வீங்கவிடாமல் இறுக்கிப் பிடிக்கிறதா?

இல்லைம்மா. சவ்வின் இரு பக்கமும் கரைபொருள் செறிவு லிட்டருக்கு 1 மில்லிஆஸ்மோல் (கரைந்த துகள்களை எண்ணும் அலகு) வேறுபட்டாலே சுமார் 19 மி.மீ. பாதரச அழுத்தம் வரும். ரத்தத்தின் செறிவு ஏறக்குறைய 290 மில்லிஆஸ்மோல். அதில் வெறும் 10 குறையட்டும், 190 மி.மீ.! சவ்வுக்கடியில் உள்ள மெல்லிய ஆக்டின் அடுக்கு இதற்கு ஈடுகொடுக்காது. நிரந்தரக் காவல் சோடியம்-பொட்டாசியம் பம்ப்தான்: 3 சோடியத்தை வெளியேற்றி, 2 பொட்டாசியத்தை உள்ளே எடுத்து, உள்ளே கரைபொருள் குவியாமல் பார்த்துக்கொள்ளும். தாவர செல்லுக்குச் சுவர் இருக்கிறது, அது தனிக் கதை.

ஆய்வு மாணவர்: அப்படியானால் இந்த ஆக்டின் சட்டகத்துக்கு என்னதான் வேலை?

நல்ல இடத்தில் பிடித்தீர்கள். வீங்கிய செல் பொட்டாசியத்தையும் குளோரைடையும் வெளியே விடும். தண்ணீரும் கூடவே போகும். பெரும்பாலும் சில நிமிடங்களில் பழைய அளவுக்கு இறங்கிவிடும். சைட்டோகலாசின் என்ற வேதிப்பொருளைக் கொடுத்து ஆக்டினைக் குலைத்தால், பல வகை செல்களில் இந்த இறக்கம் தடுமாறுகிறது. ஆக, பாரம் தாங்குவதைவிட, சவ்வில் அயனிகள் போய்வரும் புரத வாசல்களை எங்கே நிறுத்துவது, எப்போது திறப்பது என்பதில்தான் அதன் கை ஓங்கியிருக்கிறது என்பது என் கணிப்பு. செல் சுருங்கும்போது சோடியத்தை உள்ளே கொண்டுவரும் என்ஹெச்இ1 புரதத்தைப் பாருங்கள்: எஸ்ரின் போன்ற புரதங்கள் அதை ஆக்டினோடு கட்டிவைத்திருக்கின்றன. சுருக்கம் ரோ என்ற சமிக்ஞைப் புரதத்தைத் தூண்டி ஆக்டினையே மாற்றியமைக்கவும் செய்கிறது. எது காரணம், எது விளைவு என்று பிரிப்பதுதான் இத்துறையின் தலைவலி.

இன்னொருவர்: வீங்கும்போது சவ்வு கிழியாதா?

சவ்வு 3–4 சதவீதத்துக்கு மேல் நீளாது. ஆனால் செல்லின் மேற்பரப்பு மடிப்பும் நுண்விரல்களுமாகக் கசங்கித்தான் கிடக்கிறது. முதலில் அவை கொசுவம் பிரிவதுபோல விரியும். அந்த மடிப்புகளைத் தாங்கி நிற்பது ஆக்டின்.

நர்சிங் மாணவி: செல் சட்டகத்தின் இன்னொரு வகை இழையான நுண்குழல்களுக்கும் இதில் பங்கு உண்டா?

செல்லுக்குச் செல் முடிவு மாறுகிறது. பொதுவிதி சொல்லமாட்டேன்.

ஆய்வக நுட்பநர்: பரம்பரைக் கோள அணு நோய் இதில் சேருமா?

சேரும். சிவப்பணுவில் சவ்வுக்கடியில் ஸ்பெக்ட்ரின் வலை. அதுவோ அதைச் சவ்வோடு பிணைக்கும் ஆன்கிரின் போன்ற புரதமோ பழுதானால் சவ்வு துணுக்குத் துணுக்காக உதிரும். பரப்பு குறைந்து தட்டு வடிவ அணு உருண்டையாகும். மேலும் வீங்க இடமிருக்காது. அதனால்தான் சிவப்பணுவை நீர்த்த உப்புக் கரைசலில் போட்டுப் பார்க்க நீங்கள் செய்யும் ஆஸ்மாட்டிக் ஃப்ரெஜிலிட்டி பரிசோதனையில், சாதாரண சிவப்பணு தாக்குப்பிடிக்கும் உப்புக் கரைசலிலேயே அது உடைந்துவிடுகிறது.