மண் அரிப்பால மனுஷங்க வாழ்க்கைக்கும் சுற்றுச்சூழலுக்கும் என்னென்ன பாதிப்பு?

விளைச்சல் குறையும், வெள்ளம் வரும்னு பாடப்புத்தகத்துல ரெண்டு வரில முடிச்சிடுவாங்க. தப்பில்ல, ஆனா என்னைக் கேட்டா இதுல மோசமான விஷயமே இது நடக்குறது ரொம்ப நாளைக்குக் கண்ணுக்குத் தெரியாதுங்கறதுதான்.

ஒரு ஏக்கர்ல ஒரு மில்லிமீட்டர் மேல்மண் போனாலே கிட்டத்தட்ட 5 டன் வரும். ஒரு மில்லிமீட்டர் குறைஞ்சிருக்குன்னு வயல்ல நின்னு பார்த்தா யாருக்குத் தெரியும்? ஆனா 2, 3 சென்டிமீட்டர் மண் உருவாக ஆயிரம் வருஷம் வரைக்கும் ஆகலாம்னு ஐ.நா.வோட உணவு வேளாண்மை அமைப்பு சொல்லுது.

அதுலயும் போறது நல்ல மண்ணுதான். பெரிய மழைத்துளி மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்துல வந்து அடிக்கும், மேல புல்லோ சருகோ இல்லன்னா மண்கட்டி உடைஞ்சு பொடியாகி சந்துபொந்தெல்லாம் அடைச்சுக்கும், அப்புறம் தண்ணி உள்ள இறங்காம மேலயே ஓட ஆரம்பிக்கும். ஓடும்போது முதல்ல தூக்கிட்டுப் போறது லேசா இருக்குற மட்கு, களிமண் துகள், அதோட ஒட்டியிருக்குற மணிச்சத்து, அதாவது பாஸ்பரஸ். மணலும் கல்லும் அங்கயே கிடக்கும். விவசாயி ரெண்டு மூட்டை உரம் சேர்த்துப் போட்டு விளைச்சலைச் சமாளிச்சிடுவார், அதனால பாதிப்பு முதல்ல விளைச்சல்ல தெரியாது, செலவுலதான் தெரியும். மழை கொஞ்சம் தள்ளிப் போனா சாயம் வெளுத்துடும், ஏன்னா ஈரத்தைப் பிடிச்சு வைக்கிற பகுதிதான் போயிடுச்சே.

இது முத்திப்போனா என்ன ஆகும்னு பார்க்க 1930கள்ல அமெரிக்காவுல நடந்ததைப் படிங்க. ஓக்லஹோமா, கான்சாஸ், டெக்சாஸ் பக்கம் புல்வெளியை எல்லாம் உழுது கோதுமை போட்டாங்க, வறட்சி வந்ததும் மண்ணு காத்துல பறந்துடுச்சு. 1934 மே மாசப் புழுதி நியூயார்க் வரைக்கும் போச்சு. புழுதியைச் சுவாசிச்சு நுரையீரல் பாதிச்சு செத்தவங்க உண்டு, லட்சக்கணக்குல ஜனங்க ஊரைக் காலி பண்ணாங்க. 1935லதான் மண் பாதுகாப்புக்குன்னே அங்க சட்டம் வந்துச்சு.

வயலை விட்டுப் போன மண்ணு எங்கயாவது போய் உக்காரணும் இல்லையா, அதை நிறைய பேர் யோசிக்கிறதே இல்ல. சீனாவுல மஞ்சள் ஆத்துக்குக் குறுக்க 1960ல சான்மென்சியா அணை கட்டினாங்க, ரெண்டு வருஷத்துக்குள்ளயே வண்டல் ஏறி அணையை இயக்குற முறையையே மாத்த வேண்டியதாச்சு, அப்புறம் அணையையே திருத்திக் கட்டினாங்க. கலங்கின தண்ணியைக் குடிக்கிற மாதிரி ஆக்க செலவு ஜாஸ்தி. மணிச்சத்து ஏரியில சேர்ந்தா பாசி மண்டும், பாசி அழுகுனா தண்ணியில ஆக்ஸிஜன் குறைஞ்சு மீன் சாகும். இதுல ஒரு முரண் வேற இருக்கு: அணைக்குள்ள வண்டல் தேங்குறதால கீழ டெல்டாவுக்குப் போக வேண்டிய மண்ணு போறதில்ல, அங்க கடல் கரையைத் தின்னுது.

மரம் நட்டா சரியாயிடும்னு பலர் சொல்றாங்க. மரம் மட்டும் போதாதுங்க. உசரமான மரத்து இலையில இருந்து சொட்டுற தண்ணி பெரிய துளியாதான் விழும், கீழ இருக்குற சருகைக் கூட்டி எரிச்சுட்டா அந்தத் தரையும் அரிக்கும். தரையை மூடி வைக்கிறதுதான் முக்கியம், அதாவது சருகு, வைக்கோல் பரப்புற மூடாக்கு, புல்லு, ரெண்டு போகத்துக்கு நடுவுல ஏதாவது ஒரு பயிர். சரிவா இருந்தா குறுக்க உழணும், வரப்பு போடணும், வரப்புல வெட்டிவேர் மாதிரி ஆழமா வேர் விடுறது வெச்சா இன்னும் நல்லது.

இதெல்லாம் தெரிஞ்சும் ஏன் பண்ணலன்னு விவசாயியைத் திட்டுறவங்களைப் பார்த்தாதான் எனக்குக் கடுப்பு. ஒரு வருஷக் குத்தகைக்கு உழறவர் கைக்காசு போட்டு வரப்பு கட்டினா பலன் அடுத்து வர்றவருக்கும், கீழ அணைத் தண்ணி குடிக்கிற நகரத்துக்கும்தான் போகுது. அப்போ அந்தச் செலவுல ஒரு பங்கை நகரம் கொடுக்குறதுதான் நியாயம், எப்படியும் பின்னாடி தூர் வார அவங்கதானே காசு எடுத்து வைக்கணும்.